கன்சோலில் நான் போடாமல் விட்ட ஒரு வரி

தம்பி,

உன் பெங்களூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது. நீ சிநேகிதர்களோடு கடற்கரைப் பக்கம் போயிருக்கிறாய். அப்பாவுக்கு மில்லில் பகல் ஷிஃப்ட். உன் பெட்டி கூடத்தில் திறந்தபடி கிடக்கிறது. அதில் அடுக்கிய சட்டைகளைக் காலையிலிருந்து மூன்று தடவை வெளியே எடுத்து, மடித்து, மறுபடி வைத்துவிட்டேன். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பையில் சுற்றினேன். பிறகு பிரித்து, மூன்றாவது பையும் போட்டுச் சுற்றினேன். "ஒரு எடத்துல உக்காரவே மாட்டியாம்மா நீ?" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். உட்கார்ந்தால் ஒரு நினைவு வந்துவிடும், அதனால்தான் உட்காருவதில்லை என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று தெரியாது. நடுவில் எழுத்து கோணினால், எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது நீ இன்டர்வியூ கதையைச் சொன்னாய். "கடைசியா ஒரே ஒரு கேள்விம்மா. எதுக்கு இந்த நெட்வொர்க் வேலைக்கி வரணும்னு கேட்டாங்க. நான் ஒன்னப் பத்திச் சொன்னேன். எங்கம்மா பாண்டிச்சேரில மீன் கம்பெனில இருக்காங்க, அங்க ஒருத்தரு தெரியாம ஸ்விட்ச்ச மொத்தமா அழிச்சிட்டாரு, ஊரே முழிச்சிகிட்டு நின்னுச்சி, எங்கம்மா போயி பத்து நிமிஷத்துல எழுப்பிட்டாங்கன்னு. மூணு பேரும் நிமிந்து உக்காந்துட்டாங்கம்மா." அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் ரசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். ரசம் ஏற்கெனவே உன் தட்டில் இருந்தது. சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பத்து நிமிடம் உண்மை. மற்றது பொய். அந்தப் பொய்யைச் சொல்லி நீ ஒரு வேலை வாங்கியிருக்கிறாய், உனக்கே தெரியாமல். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னாய். நான் வாயைத் திறந்து சொல்லவில்லை என்றாலும், நீயும் அப்பாவும் சொல்லும்போதெல்லாம் மறுக்காமல் இருந்தேன். அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான்.

எங்கள் கம்பெனி உனக்குத் தெரிந்த இடம். தேங்காய்த்திட்டில் துறைமுகத்துக்குப் போகிற வழியில், இறாலையும் கணவாயையும் உறையவைத்துக் கப்பலேற்றுகிறவர்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் நான். கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான்தான் என்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது. பிறகு ஐஸ் பிளான்ட்டுக்கும் பேக்கிங் ஹாலுக்கும் வயர் இழுத்து, எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேர்வதற்கு நடுவில் ஒரு பெரிய ஸ்விட்ச் பெட்டி வைத்தார்கள். உனக்கு இதெல்லாம் இன்று பால பாடம். இருந்தாலும் சொல்கிறேன், நான் செய்த தப்பு அந்த ஸ்விட்சின் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஓட்டைக்குள்தான் இருக்கிறது. டெலிபோன் பிளக் மாட்டுவது போன்ற ஒரு துளை, கன்சோல் போர்ட். நீலநிறத் தட்டைக் கேபிளை அதில் செருகி மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், கறுப்புத் திரையில் ஸ்விட்சோடு நேராகப் பேசலாம். எங்கள் ஸ்விட்சுக்குள் போக அது ஒன்றுதான் வழி. மற்ற வழிகளை, சென்னையிலிருந்து வந்து அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் மூடி வைத்துவிட்டார். கன்சோலுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்து, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, என்னிடமும் ஜமாலிடமும் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டார்.

உன் ஜமால் மாமாவை மறந்திருக்க மாட்டாய். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், டவுனில் கடிகாரக் கடை வைத்திருந்த குடும்பம். வயர் வேலை பார்க்க வந்து, ஒரே வருடத்தில் என்னோடு சமமாக நின்றான். துறைமுகக் காற்றில் சில மாதங்களிலேயே பிளக்குகளின் பல்லில் பச்சை பூத்துவிடும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். நான் ஒன்று மாட்டுவதற்குள் அவன் நாலு மாட்டுவான். நம் மூலக்குளம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவன்தான் வந்து மாட்டிக் கொடுத்தான். சாப்பாட்டு மேஜைமேல் எட்டு வயரையும் பிரித்துப் போட்டு உனக்கு வரிசை சொல்லிக் கொடுத்தான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று ஒரு வாரம் நீ குளியலறையில்கூடக் கத்திக்கொண்டிருந்தாய். நீ இந்த வேலைக்கு வந்ததன் தொடக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். என் பத்து நிமிடம் அல்ல.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது, நெட்வொர்க் படித்தவர்கள் யாரும் வைத்துக்கொள்ளாத பழக்கம். ஐஸ் பிளான்ட் மோட்டார் ஓடத் தொடங்கினால் ஆபீஸ் விளக்கு மங்கும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கிடையாது. யூபிஎஸ் பெயருக்கு இருந்தது. ஸ்விட்சில் அடித்ததைச் சேமிக்காவிட்டால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும். இரண்டு தடவை பாதி நாள் உழைப்பை அப்படித் தொலைத்தபின், ஒரு வரி அடித்ததும் சேமிப்பது, அடுத்த வரி அடித்ததும் சேமிப்பது என்று நானும் ஜமாலும் வைத்துக்கொண்டோம். சென்னை இன்ஜினியர் பார்த்துச் சிரித்தார். "எல்லாத்தையும் முடிச்சி, சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்பறமா சேவ் பண்ணுங்க மேடம்" என்றார். "உங்க ஊருல கரண்ட் இருக்கு சார்" என்றேன். ஜமால் விழுந்து விழுந்து சிரித்தான்.

இனிமேல் வருவதை எழுதத்தான் கை வரவில்லை. எழுந்து போய்த் துணி எடுத்துவிட்டு வந்தேன். அப்போது எங்கள் மேனேஜராக இருந்தவர் பழைய பிரெஞ்சு பென்ஷன் குடும்பத்துக்காரர். ஆபீஸில் எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது, "ஜமால் இருக்க சொல்ல நமக்கு என்னா கவல" என்று அவன் தோளைத் தட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது தம்பி. பன்னிரண்டு வருடம் நான் கட்டிக் காத்த இடம், வில்லியனூருக்கு அப்பால் நெல் வயலிலிருந்து வந்து நான் பிடித்த இடம், நேற்று வந்தவனுக்குப் போகிறதே என்று எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் சொல்லவில்லை. பாதுகாப்பு என்று பெயர் வைத்தேன். கன்சோலில் வெறும் பாஸ்வேர்ட் கேட்பதற்குப் பதிலாக, பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கும்படி மாற்றலாம். யார் உள்ளே வந்தார்கள் என்று தெரிவதற்காக உள்ள வசதி அது. அவனுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர் என்று வைக்க வேண்டும். நான் வைக்க நினைத்தது என் பெயரை மட்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஜமால் பேக்கிங் ஹாலில் இருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளே பதிந்திருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை விட வேண்டும் என்கிற வரியை அடித்தேன். பழக்க தோஷத்தில் உடனே சேமித்தேன். அடுத்த வரியில் என் பெயரைப் பதிய வேண்டும். விரல் கீபோர்டில் இருக்கும்போதே போன் அடித்தது. உன் ஸ்கூலிலிருந்து. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு கிடப்பதாகச் சொன்னார்கள். கேபிளைப் பிடுங்கி டிராயரில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். குடல்வால், உடனே ஆபரேஷன் என்றார்கள். பிறகு இரண்டு நாள் உன் கட்டிலைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. செல்போன் சார்ஜ் தீர்ந்து பைக்குள் கிடந்தது. அங்கே, பத்து நிமிடம் யாரும் ஒன்றும் அடிக்காததால் ஸ்விட்ச் தானாகவே கதவைச் சாத்திக்கொண்டது. இனி அது பெயர் கேட்கும். பட்டியலில் ஒரு பெயரும் கிடையாது. அதனால் அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது, என்னையும் சேர்த்து.

உன் வயிற்றுவலி இதற்குக் காரணமில்லை. இதை அடிக்கோடிட்டுப் படி. ரொம்ப நாள் நான் அதையே எனக்குச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். பிள்ளை சாகக் கிடந்தான், எந்தத் தாய்க்கு ஸ்விட்ச் நினைவிருக்கும் என்று. மறந்தது தப்பில்லைதான். மறைத்ததுதான் தப்பு.

வெள்ளிக்கிழமை யாரோ ஒரு வயரின் இரண்டு முனையையும் பேக்கிங் ஹால் சுவரில் செருகிவிட்டார்கள். அனுப்பியதே திரும்பத் திரும்பச் சுற்றி வரவும், ஸ்விட்ச் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டது. கன்சோலில் நுழைந்து இரண்டு வரி அடித்தால் திறந்துவிடும். ஜமாலுக்கு அது தெரியும். கேபிளை மாட்டினான். அது பெயர் கேட்டது. அவன் தன் பெயர், என் பெயர், கம்பெனி பெயர் என்று எல்லாம் அடித்துப் பார்த்திருக்கிறான். வாசலில் கன்டெய்னர் நிற்கிறது. ஏற்றிய பெட்டிகளின் விவரம் ஹாலிலிருந்து ஆபீஸுக்கு வந்தால்தான் கப்பலுக்குப் போகும் பேப்பர் அச்சாகும். முசியே தலைக்குமேல் நின்று கத்துகிறார். கடைசியில் ஜமால் சென்னை இன்ஜினியருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி ஸ்விட்சை அணைத்து, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி எழுப்பி, பழைய அமைப்பெல்லாம் இருந்த கோப்பை ஒதுக்கி வைத்தான். அழிக்கவில்லை. கோப்பின் பெயரை மாத்திரம் மாற்றி, உள்ளேயே பத்திரமாக வைத்தான். ஆனால் ஸ்விட்ச் வெறுமையாக எழுந்ததால் ஹாலோடு ஆபீஸும் சேர்ந்து அறுந்தது. அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றுவது எப்படி என்று கேட்பதற்குள் போன் துண்டித்துவிட்டது. பிறகு லைன் கிடைக்கவில்லை. தெரியாமல் தொட்டு அதையும் கெடுத்துவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கப்பல் போய்விட்டது.

சனிக்கிழமை நான் போனபோது ஜமால் ஸ்விட்ச் இருந்த அறை வாசலில் நின்றான். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. முசியேவும் இருந்தார். "அக்கா, அது யூசர்நேம் கேட்டுச்சிக்கா. நம்ம எப்பவும் பாஸ்வேர்ட் மட்டும்தான வெச்சிருந்தோம்?" என்றான். அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமை, விரல், போன் மணி. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா?

"நீ எதாவது தப்பா அடிச்சிருப்ப, ஜமால்."

அவ்வளவுதான் சொன்னேன். உள்ளே போய் அவன் பத்திரப்படுத்திய கோப்பைத் திறந்தேன். கன்சோல் பகுதியில் என் வரி இருந்தது. பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. என் வரியை நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் ஏற்றினேன். பத்து நிமிடம். எல்லாக் கம்ப்யூட்டரும் உயிர்பெற்றன. ஆபீஸில் கைதட்டினார்கள், முசியே கைகுலுக்கினார். அந்தக் கோப்பை அவன் ஒதுக்கி வைத்திருக்காவிட்டால் பத்து நாளானாலும் என்னால் முடிந்திருக்காது. அதையும் சொல்லவில்லை. சாயங்காலமே ஜமாலை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிளக் மாட்டும் கருவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "புள்ள எப்பிடிக்கா இருக்கான்?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறான் என்றேன். அவன் போனபிறகு, ஸ்விட்சிலிருந்து அந்தப் பழைய கோப்பை அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேஸ் புக் உறைக்குள் ஆறு வருடம் அது இருந்தது. சிலிண்டர் வரும்போதெல்லாம் அது என் கையில் படும்.

இந்த ஆறு வருடத்தில் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்த உன்னிடம்தான் முதலில் சொன்னார். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இழக்க எனக்கு மனமில்லை. அதுதான் உண்மை. ஜமால் துறைமுக கேட்டுக்குப் பக்கத்தில், படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்தான். நான் கம்பெனிக்குச் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தேன். பழகிவிட்டது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நீ "ஒருத்தரு தெரியாம அழிச்சிட்டாரு" என்றாயே, பெயர்கூடச் சொல்லாமல், அதற்குமேல் தாங்கவில்லை.

முந்தாநாள் வியாழனன்று இப்போதைய மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். முசியே ஓய்வு பெற்று பிரான்சில் மகளோடு இருக்கிறார், இவர் புதியவர். கேட்டுவிட்டு, "அதுக்கு இப்ப என்னாம்மா? பழைய கதைய விடுங்க" என்று ஃபைலைப் புரட்டினார். தண்டிப்பதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. நேற்று ஜமால் கடைக்குப் போனேன். ஒரு ஜிபிஎஸ் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்து, "வாங்கக்கா. புள்ள நல்லா இருக்கானா?" என்றான், நடுவில் ஆறு வருடமே போகாதது போல. தாளை நீட்டினேன். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல் நேராக அந்த வரியில் போய் நின்றது. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி எதையோ தேடினான்.

"பேரே இல்லியேக்கா."

"போடல."

"நீங்க மாத்துனதா இது?"

"நான்தான்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "நான் என்னமோ தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சிகிட்டிருந்தேன்க்கா. அன்னிக்கி அடிச்ச ஒவ்வொரு எழுத்தையும் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன், எங்க தப்புன்னு கண்டுபுடிக்க முடியல. மெட்ராஸ்ல ரெண்டு எடத்துல கூப்புட்டாங்க. போவல. பெரிய எடத்துல போயி இன்னொரு தபா இப்பிடிப் பண்ணிட்டா?" நான் அழுதேன். "அழுவாதீங்க, கடைக்கி ஆளு வருவாங்க" என்றான். அது ஆறுதல் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்டேன், பிரித்த பெட்டியின் திருகுகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டான். மன்னிக்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. அவன் வேலை போனது மட்டும்தான் என்மேல் இருக்கும் பாவம் என்று நினைத்திருந்தேன். அவன் கை சுத்தமான கை என்பதை அவனே நம்பாமல் ஆக்கியிருக்கிறேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டான். "புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா?" இன்னும் இல்லை, அவன் இந்த வேலைக்குத்தான் பெங்களூர் போகிறான் என்றேன். ஜமால் முகம் ஒரு கணம் மலர்ந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "அவனுக்குக் கலர் வரிச சொல்லிக் குடுத்தவன் நானு. ஜமால் மாமா தப்பு பண்ணவன்னு நெனச்சிகிட்டு அவன் அந்த வேலைக்கிப் போவக் கூடாதுக்கா" என்றான். அந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை, இருந்தாலும் அம்மாவாயிற்றே, சும்மா விட மாட்டேன். புதிதாக ஒரு பூட்டுப் போட்டால், சேமிப்பதற்கு முன் வெளியே வந்து, அதே பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார். திறக்காவிட்டால் ஸ்விட்சை அணைத்துப் போடு, பழையபடி ஆகிவிடும். சேமித்துவிட்டால் ஆகாது. கூட வேலை செய்கிறவன் பெயரை உன் பெயருக்கு முன்னால் பதிந்து வை. என்ன மாற்றினாய், எதற்கு மாற்றினாய் என்று ஒரு நோட்டில் எழுதி, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வை. தப்பு நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடு. அதற்குமேல் போனால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். எனக்குத் திறக்க ஆறு வருடம் ஆனது.

இதை உன் பெட்டிக்குள் சட்டைக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ்ஸில் படித்துக்கொள்வாய், திட்டுவதானால் போனில் திட்டுவாய் என்று. அதுவும் ஓடுவதுதான். அதனால் கையில் கொடுக்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஜமால் கடை நாளைக்கும் திறந்திருக்கும், துறைமுக கேட்டுக்கு இடதுபுறம், நீலக் கதவு. உனக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. நான் கூட வரட்டுமா வேண்டாமா என்பதை நீ சொல்.

கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. நீதான். எழுந்து ஓட வேண்டும்போல இருக்கிறது. நீ இந்த வரிக்கு வரும்போது தலை நிமிர்த்திப் பார், எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ என்ன சொன்னாலும் கேட்பேன். ரசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போக மாட்டேன்.

அம்மா